ஆள் மாறின பாண்டின் அல்பம்: எதை வைத்து அசல் என்கிறோம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். மட்டக்களப்பில் ஐந்து பேர் சேர்ந்து நடத்திய தமிழ் ரொக் பாண்ட். முதல் அல்பம் வந்த பிறகு பாடகர் கனடா போய்விட்டார், டிரம்மர் கட்டாரில் வேலை. இப்போது பாட ஒரு தங்கச்சியும் டிரம்ஸ் அடிக்க ஒரு தம்பியும் புதிதாக வந்திருக்கிறார்கள். அடுத்த அல்பத்தைப் பழைய பெயரிலேயே விடலாமா? விட்டால் அசலாகக் கேட்குமா? உலகத்துப் பெரிய பாண்டுகள் ஆள் மாறிய பிறகு போட்ட அல்பங்களை எப்படி எடுத்துக்கொள்வது?

தம்பி, தாராளமாக விடலாம். இரண்டு விசயம் சரியாக இருக்கவேணும். பாட்டின் எலும்பைக் கட்டுகிற ஆட்கள் இன்னும் உள்ளே இருக்கவேணும். அந்த எலும்பு புதிதாக வந்தவர்களுக்கு இடம்விட்டு வளையவேணும். முதலாவது இல்லாவிட்டால் பெயர் மட்டும்தான் மிஞ்சும். இரண்டாவது இல்லாவிட்டால் பழைய ஆளின் சட்டையைப் புதியவருக்குப் போட்டுவிட்டது போலத் தொங்கும். கேட்கிறவர்களுக்கு இசை அறிவே இல்லாவிட்டாலும் இந்த இரண்டு குறையும் காதில் பிடிபடும்.

நம்ம பக்கத்தில் இதைக் குழப்புகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. கோயில் திருவிழா மேடையில் இசைக்குழு பாடினால் பாடகருக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு "அச்சொட்டா அப்பிடியே இருக்கு" என்பதுதான். சினிமாப் பாட்டை ஒலிப்பதிவில் உள்ளது போலவே இறக்குவது அங்கே வேலை, அதற்குப் பெரிய திறமை வேணும். ஆனால் அந்த மேடையில் வளர்ந்த காது, ஒரு பாண்டில் புதுக்குரல் வந்ததும் பழைய ஆளைப் போல இருக்கிறதா என்றுதான் தேடும். பாடுகிறவரும் அதையே கொடுக்கப் பார்ப்பார்.

கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் கொடுக்கும்போது, அதாவது பாத்திரம் பிரித்துக் கொடுக்கும்போது, ஆளின் குரல், உடம்பு, கால் எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார். போனமுறை அருச்சுனனுக்கு ஆடியவரைப் போல ஆடு என்று யாரும் சொல்வதில்லை. தாளக்கட்டு அதே, தரு (கூத்துப் பாட்டு) அதே. மத்தளமும் சல்லரியும் (கைத்தாளம்) நடையைப் பிடித்துக்கொள்ள, வந்தவர் தன் குரலுக்கு எட்டின சுருதியில் எடுப்பார், பிற்பாட்டுக்காரர் அந்தச் சுருதியிலேயே சேர்ந்துகொள்வர். ஆள் முழுக்க மாறியும் அது அதே ஊர்க் கூத்துத்தான். ரொக் பாண்டும் இந்தப் பக்கத்தில் நிற்கிற சாமான். அங்கே மத்தளமும் சல்லரியும் எவை என்று கண்டுபிடித்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஏசி/டிசி என்ற அவுஸ்திரேலிய ரொக் பாண்டை எடுங்கள். பாடகர் பொன் ஸ்கொட் 1980 பெப்ரவரி 19 இல் இறந்தார். பிரையன் ஜோன்சன் வந்து, பஹாமாஸில் பதிவு செய்து, 'பாக் இன் பிளாக்' அதே வருசம் யூலையில் வெளிவந்தது. ஐந்து மாதம்தான். இவ்வளவு அவசரத்தில் செய்த அல்பம் ஏன் பொய்யாகக் கேட்கவில்லை? மல்கம் யங்கின் ரிதம் கிட்டார், பில் ரட்டின் டிரம்ஸ், கிளிஃப் வில்லியம்ஸின் பேஸ், அங்கஸ் யங்கின் லீட் கிட்டார், நாலும் அப்படியே இருந்தன. முந்தின அல்பத்தின் தயாரிப்பாளரும் அதே ஆள். பாட்டு வரிகளை மட்டும் புதியவர் எழுதினார். எல்லாப் பாட்டிலும் இரண்டு யங்குகளோடு ஜோன்சன் பெயரும் சேர்ந்து வருகிறது. இறந்தவரின் வரியை அவர் வாயில் வைக்கவில்லை. தன் வரியைத் தன் தொண்டையால் பாடினார்.

அந்த பாண்டின் சல்லரி மல்கம். அவருடைய கிரெட்ச் கிட்டாரில் பிரிட்ஜுக்குப் பக்கத்துப் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றிவிட்டார். அம்பில் கெயினை, அதாவது ஒலியை உறுமவைக்கும் அளவை, குறைத்து, தடித்த கம்பியைக் கையால் அழுத்தி அடிப்பார். அதனால்தான் அந்த அடி உறுமாமல் வெட்டி விழுகிறது. 2014 இல் மறதிநோயால் அவர் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர் அவருடைய பெறாமகன் ஸ்டீவி யங். 1988 இலேயே ஒரு சுற்றுப் பயணத்தில் அவருக்குப் பதிலாக வாசித்தவர். 2014 அல்பத்திலும், மல்கம் இறந்த பிறகு 2020 இல் வந்ததிலும் பாட்டமைத்தவராக மல்கம் பெயர் இருக்கிறது. ஆள் இல்லை, எலும்பு அவர் கட்டியது. பாடகர் மாறினதைவிட இதுதான் அந்த பாண்டுக்குப் பெரிய மாற்றம் என்பது என் எண்ணம். சனம் பாடகரைத்தான் பார்க்கும், ஆபத்து ரிதம் கிட்டாரில்தான் இருந்தது.

புதியவருக்கு இடம் விடுவது எப்படி என்பதற்குப் பிளாக் சபாத்தைக் கேளுங்கள். முதல் பாடகர் ஒசி ஒஸ்போர்ன் காலத்து 'அயர்ன் மேன்' பாட்டில் கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் துண்டு) எங்கே போகிறதோ குரலும் அதே சுரங்களில் ஒட்டிக்கொண்டு போகும். இரண்டும் ஒரே கோடு. 1979 இல் ஒசி போய் ரொனி ஜேம்ஸ் டியோ வந்தார். 1980 இல் வந்த 'ஹெவன் அன்ட் ஹெல்' தலைப்புப் பாட்டில் சரணம் தொடங்கியதும் கிட்டார் ஒதுங்கிவிடுகிறது. பேஸ் ஒரே நடையில் துடிக்க, அதற்கு மேல் குரல் தனியாக நீண்டு நடக்கிறது. ரிஃப் கட்டும் ஆள் அதே கிட்டார்காரர் டொனி அயொமிதான், அதே இருட்டுத்தான். ஆனால் பெரிய வீச்சுள்ள குரல் வந்திருக்கிறது என்று தெரிந்து ரிஃபை இடம்மாற்றி வைத்தார். ஒசிக்குக் கட்டிய அதே ஒட்டுக்கோட்டில் டியோவை நிறுத்தியிருந்தால் இரண்டு பேரையும் இழந்திருப்பார்கள். இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டு, குரல் ரிஃபுக்கு எங்கே தொடுகிறது, எங்கே விலகுகிறது என்று மட்டும் கேளுங்கள். பத்து நிமிசத்தில் விளங்கும்.

இதற்கு நேர் எதிர் மெட்டாலிகாவின் 1988 அல்பம் '...அன்ட் ஜஸ்டிஸ் ஃபோர் ஓல்'. பேஸ் வாசித்த கிளிஃப் பேர்ட்டன் 1986 செப்தெம்பர் 27 இல் சுவீடனில் பஸ் விபத்தில் இறந்தார். ஜேசன் நியூஸ்டெட் வந்தார். அவருடைய பேஸ் அந்த அல்பத்தில் அநேகமாகக் கேட்கவே கேட்காது. இதில் இரண்டு காரணம் ஒன்றாகச் சேர்ந்தன. கிட்டார் வாசித்த அதே ரிஃபை அதே இடத்தில் பேஸும் வாசித்தது. கிட்டார்களோ நடு அலைவரிசையைக் குடைந்து கீழ்ப்பகுதியை நிரப்பி வைத்திருந்தன. அதற்கு மேல், மிக்ஸ் செய்யும்போது (எல்லா ஒலியையும் அளவாகக் கலக்கும்போது) பேஸை இன்னும் குறைக்கச் சொன்னது பாண்டுதான். பாட்டுகள் பலமானவை, வாசிப்பு அசல். ஆனால் அந்த ஒலியில் ஒரு கதிரை வெறுமையாக இருப்பது கேட்கிறது. 1991 இல் அடுத்த அல்பத்தில் பேஸ் வெளியே வந்ததும் அது நாலு பேர் பாண்டாகத் திரும்பவும் கேட்டது.

பிங்க் ஃப்ளொய்டின் 1987 அல்பம் இன்னும் நுணுக்கமான வழக்கு. ரொஜர் வோட்டர்ஸ் விலகி, பெயரை யார் பாவிப்பது என்று சட்டத்தரணிகள் வரை போனது. மிஞ்சியவர் கிட்டார்காரர் டேவிட் கில்மோர், கூட டிரம்மர் நிக் மேசன். ஆனால் பதிவில் டிரம்ஸின் பெரும்பகுதி வாடகைக் கலைஞர்களும் இயந்திரமும். கீபோர்ட் வாசித்த ரிச்சர்ட் ரைட் முழு உறுப்பினராக இல்லாமல் சம்பளத்துக்கு வந்து கொஞ்சமாக வாசித்தார். இது சரியில்லை என்று அவர்களுக்கே பட்டிருக்கவேணும். 2019 இல் அந்த அல்பத்தைத் திருப்பி மிக்ஸ் செய்தபோது மேசன் டிரம்ஸைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார், ரைட்டின் கீபோர்டுகளைப் பழைய பதிவுகளிலிருந்து எடுத்து உள்ளே வைத்தார்கள். இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பாட்டு ஒன்றுதான், கை வேறு. அசல் என்று நாம் தேடுகிற சாமான் அந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது. (கேட்கும்போது இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்கு வையுங்கள். இரண்டு மூன்று டெசிபல் கூடினதே காதுக்கு நல்லதாகப்படும்.)

பெயர் மட்டும் இருந்து ஆள் ஒருவரும் இல்லாமலும் நடந்திருக்கிறது. 1974 இல் ஃப்ளீட்வுட் மாக்கின் மேலாளர் அந்த பாண்டின் ஒரு ஆளும் இல்லாத ஒரு குழுவை அதே பெயரில் அமெரிக்காவில் மேடையேற்றினார். அடுத்த வருசமே உண்மையான ஃப்ளீட்வுட் மாக், லின்ட்சி பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ் என்ற இரண்டு புதியவர்களோடு வந்து, முன்னைய ப்ளூஸ் பாணியோடு சம்பந்தமே இல்லாத பாட்டுப் பாடியது. ஒருவரும் போலி என்று சொல்லவில்லை. டிரம்ஸும் பேஸும், அதாவது பெயரில் உள்ள ஃப்ளீட்வுட்டும் மாக்வீயும், முதல் அல்பத்திலிருந்தே இருந்த ஆட்கள்.

உள்ளேயிருந்தே ஆளை உயர்த்துவது இன்னொரு வழி. ஜெனசிஸில் 1975 இல் பீட்டர் கேப்ரியல் போனதும் வெளியே நிறையப் பேரைப் பாடவிட்டுப் பார்த்து, கடைசியில் பின்னால் டிரம்ஸ் அடித்துக்கொண்டு துணைக்குரல் பாடிய பில் கொலின்ஸைத்தான் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அலிஸ் இன் செயின்ஸில் லேன் ஸ்டேலி இறந்த பிறகு 2009 இல் வந்த அல்பத்தில், அவரோடு எப்போதும் இரட்டைக்குரலாகப் பாடிய ஜெரி கன்ட்ரெல் முன்குரலை எடுக்க, புதியவர் வில்லியம் டுவோல் இரண்டாம் குரலைப் பிடித்தார். இரண்டு குரல் பின்னிப்போகும் அந்த நெசவு அறுபடவில்லை.

உங்கள் நிலைக்கு மிகக் கிட்ட வருவது லிங்கின் பார்க்கின் 2024 அல்பம் 'ஃப்ரொம் சீரோ'. அங்கேயும் பாட எமிலி ஆர்ம்ஸ்ட்ரோங் என்ற பெண், அங்கேயும் டிரம்மர் புதிது. மைக் ஷினோடாவின் குரல் 2000 இல் வந்த முதல் அல்பத்திலிருந்தே பாதிப் பாட்டைச் சுமந்தது, அது இப்போதும் இருக்கிறது. இரண்டு தூணில் ஒன்று நின்றபடியால் மற்றதை மாற்ற முடிந்தது. உங்களிடம் அப்படி நிற்கிற தூண் எது?

அதைக் கண்டுபிடிக்க ஒரு கொப்பியை எடுத்து, முதல் அல்பத்தின் ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு நிரல் போடுங்கள்: ரிஃப் யார் கொண்டுவந்தது, மெட்டு யார், வரி யார், டிரம்ஸ் நடையை யார் தீர்மானித்தது. ஞாபகத்தில் எழுதாமல் பழைய பயிற்சிப் பதிவுகளைக் கேட்டு எழுதுங்கள். ரிஃபும் மெட்டும் பெரும்பாலும் இப்போது இருக்கிற மூவருடையது என்றால் பழைய பெயர் உங்களுக்குச் சேரும். பத்தில் ஏழு மெட்டு கனடா போனவருடையது என்று வந்தால், நான் புதுப்பெயர் வைக்கத்தான் சொல்வேன், அதுதான் உங்களுக்கும் சுகம். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே அடுத்த மூன்று வருசமும் போய்விடும்.

அடுத்தது சுருதி. இங்கேதான் அதிகம் பிழை வருகிறது. பழைய பாட்டுகள் ஈ மைனரில் என்று வைப்போம். ஆண்குரலில் சரணம் 165 ஹேர்ட்ஸ் ஈயைத் தொட்டு, பல்லவி 392 ஹேர்ட்ஸ் ஜீக்கு ஏறியிருக்கும். அதே சுருதியில் தங்கச்சியைப் பாடவிட்டால் உச்சம் அவருக்குச் சும்மா நடு உயரம், சரணமோ தொண்டைக்குக் கீழே போய் மூச்சாகக் கரைந்துவிடும். டிரம்ஸோடு சேர்ந்தால் ஒரு சொல்லும் விளங்காது. நாலாம் சுரத்துக்கு, அதாவது ஐந்து அரைத்தொனி, ஏற்றிப் பாருங்கள். சரணம் 220 ஹேர்ட்ஸ் ஏயில் நிற்கும், பல்லவி 523 ஹேர்ட்ஸ் சீயில் திறக்கும்.

கிட்டாருக்கும் இது இலேசு. ஈ கம்பியில் இருந்த ரிஃப் அதே விரலமைப்போடு அடுத்த ஏ கம்பிக்குப் போகும், திறந்த கம்பியின் முழக்கமும் போகாது. இழப்பது அடிப்பாரம்: கிட்டாரில் 82 ஹேர்ட்ஸ் 110 ஆகும், பேஸில் 41 ஹேர்ட்ஸ் 55 ஆகும். அதை ஈடுகட்ட, பேஸ்காரர் ஏ சுரத்தைத் திறந்த கம்பியில் வாசிக்காமல் தடித்த ஈ கம்பியின் ஐந்தாம் கட்டில் பிடிக்கட்டும். அதே சுரம், தடித்த ஒலி. கப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஏற்றினால் பாரமான ரிஃப் மெலிந்துவிடும், மெதுவான பாட்டுக்கு மட்டும் சரி.

குரலின் எல்லையைப் பயிற்சியின் முதல் ஐந்து நிமிசத்தில் அளக்கக்கூடாது. நாற்பது நிமிசம் பாடிய பிறகு எது சிரமமில்லாமல் எட்டுகிறதோ அதுதான் உண்மையான உச்சம். அதற்கும் ஒரு தொனி கீழே பாட்டை நிறுத்துங்கள். திருவிழா மேடையில் மொனிட்டர் (பாடுகிறவர் தன்னைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) கேட்காதபோது அந்த ஒரு தொனிதான் காப்பாற்றும். பழைய பாடகரின் இழுப்பு, நடுக்கம், கத்தல் எதையும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டாம். பழைய பதிவை அவர் கேட்காமல் இருக்க ஏலாது, ஆனால் மெட்டைக் கீபோர்டில் வாசித்துக் காட்டிப் பழக்கினால் பழைய தொண்டை ஒட்டிக்கொள்ளாது.

டிரம்மர் விசயம் வேகத்தைவிட நடையில் இருக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓரடி 500 மில்லிசெக்கன். ஸ்னெயர் (கணீரென்று வெடிக்கும் சின்ன டிரம்) அதில் 15, 20 மில்லிசெக்கன் பிந்தி விழுந்தால் பாட்டு கனக்கும், முந்தி விழுந்தால் ஓடும். உங்கள் பழைய டிரம்மர் எப்படி அடித்தார் என்று ஒலிப்பதிவு மென்பொருளில் அலைவடிவைப் பெருப்பித்துப் பார்த்தாலே தெரியும். புதிய தம்பி வேறு மாதிரி அடிப்பார், அடிக்கட்டும். பேஸ்காரர் அவரோடு இசைந்து போகவேணும். மற்றவர்கள் யாரும் இல்லாமல் பேஸும் டிரம்ஸும் மட்டும் ஏழெட்டுப் பயிற்சி செய்யாமல் பதிவுக்குப் போகவேண்டாம். பதிவிலும் அந்த இருவரும் ஒன்றாக ஒரே நேரத்தில் வாசிக்கட்டும். மறுகா கணினியில் ஒவ்வொரு அடியையும் கோட்டுக்கு இழுத்து நேராக்கினால் இவ்வளவு பாடுபட்டதும் வீண், யார் அடித்தாலும் ஒன்றாகவே கேட்கும்.

டிரம்ஸுக்கு நாலு மைக் போதும். கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்னெயருக்கு ஒன்று, மேலே இரண்டு. மேலுள்ள இரண்டும் ஸ்னெயரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கவேணும். ஒரு கயிற்றின் நுனியை ஸ்னெயரில் பிடித்து இரண்டு மைக்குக்கும் அளந்தால் சரி, ஒரு மீற்றர் அளவு. தூரம் பிசகினால் ஸ்னெயர் ஒல்லியாகும், அதைப் பிறகு திருத்துவது கஷ்டம். தகரக் கூரை அறை என்றால் கார்த்திகை, மார்கழியில் டிரம்ஸ் பதிவை வைக்காதீர்கள். மழைச் சத்தம் மேல் மைக்கில் ஏறினால் எடுக்க ஏலாது. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் கிட்டார் கம்பி கெதியாகக் கறுக்கும், பதிவுக்கு முதல்நாளே மாற்றி இழுபட விடுங்கள். அன்றைக்கே மாற்றினால் ஒவ்வொரு பாட்டிலும் சுருதி இறங்கும்.

கட்டாரிலிருக்கும் பழைய டிரம்மரோ கனடாவிலிருக்கும் பாடகரோ ஒரு பாட்டில் சேர விரும்பினால் சேர்க்கலாம், நல்லதுதான். வட்ஸ்அப் குரல்பதிவாக வாங்காதீர்கள், ஒலி நசுங்கி வரும். 24 பிட் வேவ் கோப்பாக, பாட்டின் முதல் புள்ளியிலிருந்து, இரண்டு பார் (தாள வட்டம்) எண்ணிக்கையோடு அனுப்பச் சொல்லுங்கள். மாதிரி வேகம் (sample rate, ஒரு செக்கனில் ஒலியை எத்தனை முறை அளக்கிறது) இரண்டு பக்கமும் ஒன்றா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் 48 கிலோஹேர்ட்ஸில் பதிந்ததை உங்கள் பக்கம் 44.1 இல் மாற்றாமல் ஓடவிட்டால், நாலு நிமிசப் பாட்டு நாலு நிமிசம் 21 செக்கன் ஆகி, சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைத்தொனி இறங்கிக் கிடக்கும். புதியவர் பிழையாகப் பாடுகிறார் என்று அந்தப் பிள்ளையைக் குறைசொல்லிக்கொண்டு நாள் கடத்துவீர்கள்.

மிக்ஸில் ஜேசன் நியூஸ்டெட்டை நினைவில் வையுங்கள். கிட்டார்களில் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அந்த இடத்தைப் பேஸுக்கும் கிக்குக்கும் கொடுங்கள். பேஸில் 700 ஹேர்ட்ஸ் முதல் ஒரு கிலோஹேர்ட்ஸ் வரை கொஞ்சம் தூக்கினால் சின்ன ஸ்பீக்கரிலும் அதன் கோடு கேட்கும். முடிந்ததும் கைத்தொலைபேசியில் ஒருதரம், ஓட்டோ ஸ்பீக்கரில் ஒருதரம் போட்டுப் பாருங்கள். புதிய பாடகியின் குரலை, சனம் ஏற்குமோ என்ற பயத்தில் எதிரொலிக்குள் புதைத்து, கிட்டாருக்குப் பின்னால் தள்ளுவதுதான் இப்படியான அல்பங்களில் அடிக்கடி நடக்கிற பிழை. கேட்கிறவருக்கு அந்தப் பயம்தான் முதலில் கேட்கும். பழையவரின் குரலை எந்த அளவில் வைத்தீர்களோ அதே அளவில் வையுங்கள்.

அட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் மெட்டு, வரி, வாசித்தவர் என்று தனித்தனியே எழுதுங்கள். பழையவர்கள் கட்டிய பாட்டு ஏதும் இருந்தால், இந்தப் பாட்டை இந்தப் பெயரில் பாவிக்கச் சம்மதம், வருமானம் இப்படிப் பிரியும் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள், உறவு நன்றாக இருக்கும்போதே. முதல் பாட்டாக, புதிய இருவரும் சேர்ந்து கட்டியதையே வையுங்கள். பழைய சரக்கை முன்னுக்கு வைத்தால் கேட்கிறவர் ஒப்பிட்டுக்கொண்டே மிச்சத்தையும் கேட்பார். பழைய பாடகர் தன் சொந்த விசயத்தை எழுதிப் பாடிய பாட்டு ஒன்று இருக்குமென்றால் அதை அவர் வரும் நாள் மேடைக்கு விட்டுவையுங்கள்.

வெளியிடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் முடிந்த மிக்ஸையும் அட்டையையும் கனடாவுக்கும் கட்டாருக்கும் அனுப்புங்கள். தங்கள் பெயர் சரியான பாட்டுக்கு எதிரே சரியான எழுத்தில் இருக்கிறதா என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.